மருந்துக்கு மசியாத குடல் பாக்டீரியா: கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு ஏன் மூன்று நாள்?

பாலக்கோட்டில் தக்காளி போடும் என் மாமாவுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஆசனவாயில் ஒரு பஞ்சுக்குச்சியைச் சுழற்றி எடுத்து லேபுக்கு அனுப்பினார்களாம். மனுஷன் அதை யாரிடமும் சொல்லவில்லை, கூச்சம். மூன்று நாள் கழித்து ரிப்போர்ட் வந்ததும்தான் ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குப் போன். "ஏங் கண்ணு, எனக்கு வயித்து வலி இல்ல, பேதி இல்ல, களி தின்னா கல்லு மாதிரி செரிக்குது. எதுக்கு ஈ.கோலை, ஈஎஸ்பிஎல் பாசிட்டிவ்னு போட்டிருக்கான்? எனக்கு என்ன வியாதி?"

நான் கிருஷ்ணகிரியில் ஒரு லேபில் கல்ச்சர் தட்டு (பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் தட்டு) பார்க்கும் வேலையில் இருக்கிறேன். போனில் அரை மணி நேரம் விளக்கினேன், பாதிகூட அவருக்கு ஏறவில்லை. தப்பு என் மேல்தான், எடுத்ததும் பீட்டா-லாக்டமேஸ் என்று ஆரம்பித்தால் யாருக்கு ஏறும்? ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், வரப்பில் உட்கார்ந்து, அவர் வயலையே வைத்துச் சொன்னபோது புரிந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே மாதிரி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் அந்த "வியாதி" விஷயத்தை முடித்துவிடலாம். ஈ.கோலை என்ற பாக்டீரியா எல்லார் குடலிலும் இருக்கும். 1885இல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் இருந்துதான் இதை முதலில் பிரித்தெடுத்தார், பெயரும் அவர் பெயரில் இருந்து வந்ததே. ஒரு கிராம் மலத்தில் சுமார் பத்தாயிரம் கோடி பாக்டீரியா இருக்கும், அதில் ஈ.கோலையின் பங்கு நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. பெரும்பாலும் அது சாதுவாகத்தான் கிடக்கும். மாமாவின் ரிப்போர்ட் சொல்வது என்னவென்றால், அவர் குடலில் குடியிருக்கும் ஈ.கோலையில் ஒரு கூட்டம் சில ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாது (ஈஎஸ்பிஎல் என்பது மருந்தை வெட்டும் ஒரு நொதி, பின்னால் வருகிறேன்) என்பது மட்டும்தான். குடியிருக்கும் வரை குடைச்சல் இல்லை. ஆனால் புராஸ்டேட் மலக்குடலுக்கு முன்னால் ஒட்டினாற்போல இருக்கிறது, பல இடங்களில் ஊசியை மலக்குடல் சுவர் வழியாகவே விட்டுச் சதை எடுக்கிறார்கள், அப்போது ஊசியோடு சேர்ந்து நாலு ஈ.கோலை ரத்தத்துக்கோ சிறுநீர்ப் பாதைக்கோ போய்விடலாம். அதற்காகத்தான் முன்கூட்டியே ஒரு ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்சசின். உள்ளே இருப்பது சிப்ரோவுக்கு மசியாத ரகம் என்றால் அந்த மாத்திரை கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. இதே காரணத்துக்காக ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன்னாலும், உறுப்பு மாற்று அறுவைக்கு முன்னாலும், சில இடங்களில் ஐசியூவில் சேர்க்கும்போதும் இப்படி ஸ்வாப் எடுத்துப் பார்ப்பார்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறோம்?

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரியாதா என்று மாமா கேட்டார். ஈ.கோலை ஒன்று சுமார் 2 மைக்ரான் நீளம், ஒரு மில்லிமீட்டரில் 500 பேர் வரிசையாகப் படுக்கலாம். மைக்ராஸ்கோப்பில் தெரியும்தான். ஆனால் மருந்துக்கு மசிவதும் மசியாததும் பார்வைக்கு ஒன்றேதான், இரண்டும் ஒரே குட்டைக் குச்சி. "களைக்கொல்லி அடித்த வயலில் பத்து நாள் கழிச்சு என்ன பார்ப்பீங்க மாமா?" என்று கேட்டேன். "எது பச்சையா நிக்குதுன்னு பார்ப்பேன்" என்றார். கல்ச்சர் முறையின் அடிப்படை அவ்வளவுதான். மருந்து கலந்த நிலத்தில் விதைப்போம், எது முளைக்கிறதோ அதுதான் நாம் தேடும் ஆள். மற்றதெல்லாம் இதைத் துல்லியமாகச் செய்யப் படும் பாடு.

நிலம் என்றால் அகார். நோன்பு மாதத்தில் கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் கடல்பாசி சாப்பிட்டிருந்தால் உங்களுக்கு அகார் தெரியும், அதே பொருள்தான். இது லேபுக்கு வந்த கதையும் அடுப்படியில் இருந்து வந்ததுதான். 1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டின் மேல் பாக்டீரியா வளர்த்துக்கொண்டிருந்தார்கள், வெயில் காலத்தில் அது உருகி ஓடிவிடும், போதாக்குறைக்குச் சில பாக்டீரியா ஜெலட்டினையே தின்று கரைத்துவிடும். அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸவிடம் அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸ, நான் ஜெல்லி செய்யப் போடும் அகாரைப் போட்டுப் பாருங்களேன் என்றார். அகார் 85 டிகிரி வாக்கில்தான் உருகும், ஆறி 40 டிகிரிக்குக் கீழே வந்தால் இறுகும், 37 டிகிரி இன்குபேட்டரில் ஒரு ராத்திரி வைத்தாலும் கல் மாதிரி நிற்கும். உலகத்தில் உள்ள எல்லா நுண்ணுயிர் லேபும் இன்றைக்கும் அந்த அம்மாள் சொன்னதில்தான் ஓடுகிறது, ஆனால் தட்டுக்குப் பெயர் கிடைத்தது 1887இல் மூடி போட்ட கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்த பெட்ரிக்கு.

அகாரின் மேல் ஒரே ஒரு ஈ.கோலை விழுந்தால் போதும். வசதியான சூட்டில் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கணக்குப்படி பத்து மணி நேரத்தில் 107 கோடியைத் தாண்டும் (கணக்கில் மட்டும்தான், தட்டில் இடமும் சாப்பாடும் முதலிலேயே தீர்ந்துவிடும்). கண்ணுக்குத் தெரியாத ஒன்று மறுநாள் காலையில் கடுகு அளவுப் புள்ளியாக நிற்பது இப்படித்தான். அந்தப் புள்ளிக்குக் காலனி என்று பெயர். மூன்று நாள் ஆவதற்கும் இதுதான் காரணம், யாரும் சோம்பேறித்தனமாக உட்கார்ந்திருக்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பாக்டீரியா ஒரு ராத்திரி வளர்ந்தாக வேண்டும்.

அடுத்த சிக்கல், மலத்தில் உள்ள கூட்டம். வெறும் அகாரில் தேய்த்தால் கண்டது கடியதெல்லாம் முளைக்கும். அதனால் மெக்கான்கி அகார் போடுவோம். 1900களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் மெக்கான்கி உருவாக்கியது. இதில் பித்த உப்பும் படிக ஊதா என்ற சாயமும் இருக்கும், இவை கிராம் பாசிட்டிவ் என்ற இன்னொரு பெரிய பாக்டீரியா வகையறாவைத் தலையெடுக்க விடாது, ஆனால் ஈ.கோலை பித்தம் ஊறும் குடலிலேயே பிறந்து வளர்ந்தது, அதற்கு இது உறைக்காது. கூடவே லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும், அமிலம் பட்டால் சிவக்கும் ஒரு சாயமும் உண்டு. லாக்டோஸைத் தின்று அமிலம் விடும் ஈ.கோலையும், க்ளெப்சியெல்லா என்ற இன்னொரு குடல் பாக்டீரியாவும் இளஞ்சிவப்பாக வரும். லாக்டோஸைத் தொடாத சால்மோனெல்லா, ஷிகெல்லா நிறமில்லாமல் வரும்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், படித்தவர்களும்தான். பேதி என்று போனால் எழுதித் தரும் சாதாரண மல கல்ச்சர் தேடுவது அந்த நிறமில்லாத புள்ளிகளை. டைஃபாய்டு, சீதபேதி மாதிரி நோய் தரும் ஆட்களை. இளஞ்சிவப்புப் புள்ளிகளை நாங்கள் "இது குடலின் வழக்கமான குடித்தனக்காரன்" என்று சொல்லி ஒதுக்கிவிடுவோம். அந்த இளஞ்சிவப்பில் பாதி எல்லா மருந்தையும் ஏப்பம் விடும் ரகமாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் "நோய் தரும் பாக்டீரியா வளரவில்லை" என்றுதான் இருக்கும். பொய் இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில் அது. மருந்துக்கு மசியாதது இருக்கிறதா என்று கேட்க வேண்டுமானால் தட்டே வேறு, சீட்டில் எழுதுவதும் வேறு. போன வருஷம் எடுத்த மல கல்ச்சர் ரிப்போர்ட்டைக் காட்டி, "இதுல ஒண்ணும் இல்லேன்னு இருக்கே" என்று மாமா வாதாடினாரே, அதற்கு விடை இதுதான்.

அந்த வேறு தட்டு எப்படி? மெக்கான்கி அகாரிலேயே ஆன்டிபயாடிக்கைக் கலந்து ஊற்றுவது. ஈஎஸ்பிஎல் ரகத்தைத் தேட செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக், ஒரு லிட்டருக்கு 1 முதல் 4 மில்லிகிராம். மாமாவின் கேஸ் மாதிரி என்றால் சிப்ரோஃப்ளாக்சசின் கலந்த தட்டும் சேரும். கொதிக்கும் அகாரில் மருந்தைப் போட்டால் மருந்தே கெட்டுவிடும், 50 டிகிரி வாக்கில், கையில் பாட்டிலைப் பிடித்தால் சுடும் ஆனால் தாங்கும் என்ற பதத்தில் கலக்க வேண்டும், தாமதித்தால் இறுகிக் கட்டியாகிவிடும். களி கிண்டத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதம் சட்டென்று பிடிபடும் என்று எங்கள் லேபில் ஒரு பேச்சு உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் டிரைசைக்கிள் என்ற பெயரில் ஒரு வழிமுறை வெளியிட்டது. மனிதர், சந்தைக் கோழி, சாக்கடை மற்றும் ஆற்று நீர் என்ற மூன்று இடத்திலும் ஈஎஸ்பிஎல் ஈ.கோலையை ஒரே முறையில் எண்ணிப் பார்ப்பதற்கானது, மூன்று சக்கரம் என்பதால் அந்தப் பெயர். அதிலும் இந்த செஃபோடாக்சிம் கலந்த மெக்கான்கிதான், லிட்டருக்கு 4 மில்லிகிராம். பெரிய எந்திரம் எதுவும் வேண்டாம், அதனால்தான் சின்ன ஊர் லேபிலும் செய்ய முடிகிறது. காசு இருந்தால் நிறக் காலனி அகார் என்று ஒன்று வாங்கலாம், அதில் ஈ.கோலை ஒரு நிறம், க்ளெப்சியெல்லா இன்னொரு நிறம் என்று தானே பிரிந்து வரும். நேரம் மிச்சம், விலைதான் கடிக்கும்.

மருந்துத் தட்டுக்குப் பக்கத்திலேயே மருந்து இல்லாத சாதா மெக்கான்கி தட்டிலும் அதே ஸ்வாப்பைத் தேய்க்க வேண்டும். இது வீண் செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. மருந்துத் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் அதற்கு இரண்டு அர்த்தம்: மசியாத ரகம் இல்லை, அல்லது ஸ்வாப்பில் சரக்கே இல்லை. சாதா தட்டில் இளஞ்சிவப்பு நிறைந்திருந்தால்தான் முதல் அர்த்தத்தை நம்பலாம். இரண்டுமே வெறுமையாக இருந்தால் திரும்ப எடுத்து வாருங்கள் என்று சொல்ல வேண்டியதுதான். ஸ்வாப்பின் நுனியில் மலக் கறை கண்ணுக்குத் தெரிய வேண்டும், வெள்ளை வெளேரென்று வரும் பஞ்சு எதற்கும் உதவாது, கூச்சத்தில் மேலோட்டமாகத் தொட்டு எடுப்பதால் இப்படி நிறைய வரும். தூரத்தில் இருந்து வருவதென்றால் கேரி-பிளேர் என்ற கூழ் உள்ள குழாயில் போட்டு அனுப்புவார்கள், அது பாக்டீரியாவைச் சாகவும் விடாது, பெருகவும் விடாது. வெறும் டப்பாவில் மலம் கொண்டு வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது, சிறுநீர் கலக்கக் கூடாது, ஏற்கெனவே ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சில பேர் குடலில் மசியாத ரகம் மிகக் கொஞ்சமாக இருக்கும், ஒரு மூட்டை கேழ்வரகில் நாலு கல் மாதிரி. நேராகத் தட்டில் தேய்த்தால் தவறிவிடும். அப்போது முதலில் ஊட்டச் சாறில், அதாவது ப்ராத்தில், ஊற வைப்போம். கார்பபெனம் என்ற கடைசி வரிசை மருந்து வகைக்கு மசியாததைத் தேடும் ஒரு முறையில், 5 மில்லி ப்ராத்தில் அந்த வகையைச் சேர்ந்த மெரோபெனம் 10 மைக்ரோகிராம் உள்ள ஒரு சின்னக் காகிதப் பொட்டைப் போட்டு, ஸ்வாப்பை முக்கி, ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் வைப்பார்கள். மருந்துக்கு அடங்குவது அடங்கிவிடும், அடங்காதது ராத்திரி முழுக்கப் பெருகிக் காலையில் கூட்டமாக நிற்கும், அதை எடுத்துத் தட்டில் தேய்க்கலாம். கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் முதலில் எத்தனை இருந்தது என்ற கணக்கு போய்விடும், ஒரு நாளும் கூடுதலாகப் போகும்.

தேய்ப்பதிலும் ஒரு கை வேலை இருக்கிறது. தட்டின் ஒரு மூலையில் ஸ்வாப்பைத் தடவி, கம்பி வளையத்தைத் தீயில் செந்நிறமாகக் காட்டி ஆறவைத்து, அந்த மூலையில் இருந்து கொஞ்சம் இழுத்து அடுத்த மூலைக்கு, திரும்பத் தீயில் காட்டி அதில் இருந்து அடுத்ததற்கு, இப்படி நாலு பகுதி. கோலத்தில் இழை இழுப்பது போலத்தான். கடைசிப் பகுதிக்கு வரும்போது ஒவ்வொன்றாகத் தனித்தனியே விழும். தனிக் காலனி வேண்டும், ஏனென்றால் இரண்டு ரகம் கலந்த காலனியில் மருந்து சோதித்தால் வரும் பதில் யாருடையது என்றே தெரியாது. அப்புறம் அந்தக் காலனி யார் என்று உறுதி செய்வது: இன்டோல் சோதனையில் சிவப்பு வளையம் வந்து, சிட்ரேட் பச்சையாகவே நின்றால் ஈ.கோலை என்ற வழி; சிட்ரேட் நீலமானால் க்ளெப்சியெல்லாவாக இருக்கலாம். பெரிய லேபில் எந்திரமே சொல்லிவிடும்.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த வேலை, டிஸ்க் சோதனை. பாவர், கிர்பி முதலானோர் 1966இல் முறைப்படுத்தி எழுதியது, இன்னும் அசைக்க முடியவில்லை. காலனியை உப்புநீரில் கலக்கி, நீராகாரத் தெளிவு போல லேசான கலங்கலுக்குக் கொண்டு வருவோம், இதற்கென்று ஒப்பிட்டுப் பார்க்கும் 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற அளவுக் குழாய் உண்டு, அந்தக் கலங்கலில் ஒரு மில்லியில் சுமார் 15 கோடி பாக்டீரியா இருக்கும். அதை 15 நிமிஷத்துக்குள் முல்லர்-ஹின்டன் அகார் தட்டு முழுக்க, சாணி மெழுகுவது போல இடைவெளி இல்லாமல் மூன்று திசையில் பூச வேண்டும். மேலே 6 மில்லிமீட்டர் அகலக் காகிதப் பொட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம்.

ராத்திரியில் அங்கே நடப்பது ஒரு ஓட்டப் பந்தயம். பொட்டில் இருந்து மருந்து அகாரில் ஊறிப் பரவுகிறது, தூரம் போகப் போக நீர்த்துப் போகிறது. அதே நேரத்தில் பாக்டீரியா பெருகிக்கொண்டே இருக்கிறது. எந்த இடத்தில் மருந்து "இதற்கு மேல் என்னால் முடியாது" என்று கைவிடுகிறதோ அங்கே பாக்டீரியாவின் வெண்படலம் தொடங்கும். காலையில் பார்த்தால் பொட்டைச் சுற்றி தெளிவான வட்டம். ஸ்கேலை வைத்து அளப்போம். வட்டமே இல்லை என்றால் 0 என்று எழுத மாட்டோம், 6 என்று எழுதுவோம், பொட்டின் அகலமே அதுதான்.

அகாரின் கனம் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அகார் மிச்சமாகட்டுமே என்று நான் மெல்லியதாக ஊற்றிவிட்டேன். மெல்லிய அகாரில் மருந்துக்குக் கீழே இறங்க இடமில்லை, பக்கவாட்டில் பரவும், வட்டம் பெரிதாகும், மசியாத பாக்டீரியாகூட மசிந்த மாதிரி வேஷம் போடும். நல்ல வேளை, நோயாளியின் தட்டோடு ஏடிசிசி 25922 என்ற எண்ணுள்ள ஈ.கோலையையும் தினமும் ஓட்டுவோம், அது உலகம் முழுக்க லேபுகள் வைத்திருக்கும் ஒரே வம்சம், மருந்துக்கு ஒழுங்காக மசியும். செஃபோடாக்சிமுக்கு அதன் வட்டம் 29க்கும் 35க்கும் நடுவில் வர வேண்டும். என் தட்டில் 38 வந்து நின்றது. அன்றைய மொத்த வேலையும் குப்பைக்குப் போனது, சீனியர் அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது மாமா பயந்த அந்த ஈஎஸ்பிஎல். பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளுக்கு எல்லாம் நடுவில் பீட்டா-லாக்டம் என்ற ஒரு வளையம் உண்டு, அந்த வளையம் உடைந்தால் மருந்து செத்தது. அதை வெட்டும் கத்தரிக்கோல்தான் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதி. பழைய கத்தரிகள் பழைய பெனிசிலினை மட்டும் வெட்டின. செஃபோடாக்சிம், செஃப்ட்ரையாக்சோன் மாதிரி பின்னால் வந்த மருந்துகளையும் வெட்டப் பழகியதுதான் ஈஎஸ்பிஎல். இந்தக் கத்தரியின் வரைபடம் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருக்கும், ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருப்பதற்குத் தூக்கிக் கொடுத்துவிடும், விதைக் கேழ்வரகைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது போல. ஒரே இனமாகக்கூட இருக்க வேண்டியதில்லை, ஈ.கோலை க்ளெப்சியெல்லாவுக்குக் கொடுக்கும்.

தட்டில் இதைப் பிடிப்பது ரொம்ப அழகான தந்திரம். கிளாவுலனிக் அமிலம் என்று ஒன்று உண்டு, நம் ஊரில் "625" என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்த மாத்திரையில் 500 அமாக்சிசிலின், மீதி 125 இதுதான். இது கத்தரிக்கோலுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டு அதை வெட்ட விடாமல் செய்யும். தட்டில் செஃபோடாக்சிம் மட்டும் உள்ள ஒரு பொட்டு, செஃபோடாக்சிமோடு கிளாவுலனிக் அமிலமும் உள்ள இன்னொரு பொட்டு. தனி மருந்துக்கு 14 மில்லிமீட்டர் வட்டம், கூட்டு மருந்துக்கு 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தரியைக் கட்டிப் போட்டதும் மருந்து பிழைத்துக்கொண்டது, அப்படியானால் அங்கே கத்தரி இருந்திருக்கிறது. வித்தியாசம் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் ஈஎஸ்பிஎல் உறுதி. செஃப்டாசிடிம் ஜோடியையும் சேர்த்தே வைப்போம், ஏனென்றால் சில கத்தரி ஒன்றை நன்றாக வெட்டும், மற்றதை அரைகுறையாகத்தான் வெட்டும். செஃபோடாக்சிம் பொட்டுக்குப் பக்கத்தில் அந்த 625 கூட்டு மருந்துப் பொட்டை வைத்துப் பார்க்கும் பழைய முறையில், நடுவில் வட்டம் பூட்டின் சாவித் துவாரம் மாதிரி நீண்டு நிற்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது நான் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன், "சோறு தின்னும்போது இதை ஏன் அனுப்புற" என்று பதில் வந்தது.

ஈஎஸ்பிஎல்லுக்கு அடுத்த படி கார்பபெனத்தையும் உடைப்பவை. மெரோபெனம் கடைசி வரிசை மருந்துகளில் ஒன்று. என்டிஎம்-1 என்ற நொதி செய்தித்தாளில் அடிபட்டது ஞாபகம் இருக்கலாம், அதற்கு என்டி என்று நியூ டெல்லியின் பெயரை வைத்தார்கள் என்று பெரிய சண்டையே நடந்தது. 2010இல் வெளிவந்த அந்த ஆய்வில் சென்னையில் சேகரித்த பாக்டீரியாவும் இருந்தன. இதைப் பிடிக்கும் முறைக்குப் பெயர் எம்சிஐஎம். சந்தேகப்படும் பாக்டீரியாவை 2 மில்லி ப்ராத்தில் கலந்து அதில் ஒரு மெரோபெனம் பொட்டைப் போட்டு 4 மணி நேரம் வைப்போம். பிறகு பொட்டை வெளியே எடுத்து, மருந்துக்கு மசியும் அந்த ஏடிசிசி ஈ.கோலை பூசிய தட்டில் வைப்போம். பொட்டில் மருந்து மிச்சம் இருந்தால் பெரிய வட்டம் வரும், 19 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் நெகட்டிவ். நம்ம ஆள் அந்த 4 மணி நேரத்தில் மருந்தைத் தின்று தீர்த்திருந்தால் பொட்டு வெறும் காகிதம், மசியும் பாக்டீரியாகூட அதன் ஓரம் வரை தைரியமாக வளரும், 15 அல்லது அதற்குக் கீழே என்றால் பாசிட்டிவ். திருடனின் வீட்டில் சாராய பாட்டிலை விட்டு வந்து, காலையில் போய் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது மாதிரி என்று மாமாவிடம் சொன்னேன், இது மட்டும் போனிலேயே புரிந்திருக்கும் என்றார்.

எல்லா மருந்துக்கும் இந்தப் பொட்டு வேலைக்கு ஆகாது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் பெரிய மூலக்கூறு, அகாரில் சரியாகப் பரவாது, வட்டத்தை நம்பி ரிப்போர்ட் கொடுத்தால் தப்பாகிவிடும். அதற்குக் குழிக் குழியான தட்டில் மருந்தைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்தக் குழி வரை கலங்கலாக இருக்கிறது, எதில் இருந்து தெளிவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த முதல் தெளிந்த குழியின் அளவுதான் ரிப்போர்ட்டில் எம்ஐசி என்று வரும் எண். கோழித் தீவனத்திலும் கொலிஸ்டினைக் கலந்துகொண்டிருந்தார்கள், 2019இல் இந்தியாவில் கால்நடை, கோழி வளர்ப்பில் அதற்குத் தடை வந்தது.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது ஒரு தப்பை எல்லாரும் செய்கிறார்கள்: எந்த மருந்துக்கு வட்டம் பெரிது, எதற்கு எம்ஐசி எண் சிறிது என்று மருந்துக்கு மருந்து ஒப்பிட்டு "இதுதான் ஸ்ட்ராங்" என்று முடிவு கட்டுவது. ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் தனி. 18 மில்லிமீட்டர் வட்டம் கோட்ரைமாக்சசோலுக்கு வந்தால் எஸ், அதாவது மருந்து கேட்கும். அதே 18 மெரோபெனத்துக்கு வந்தால் ஆர், கேட்காது. பெங்களூரா மாங்காயையும் அல்போன்சாவையும் ஒரே எடைக்கல்லில் வைத்து எது ருசி என்று கேட்க முடியுமா? எஸ், ஐ (நடுத்தரம்), ஆர் என்ற எழுத்தைப் பாருங்கள், எண்ணை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் கல்ச்சருக்குத் தெரியாதவை உண்டு. குடல் பாக்டீரியாவில் பெரும்பான்மை காற்றுப் பட்டாலே சாகும் ரகம், அவை இந்தத் தட்டில் வரவே வராது. வான்கோமைசின் என்ற மருந்துக்கு மசியாத என்டரோகாக்கஸ் என்ற இன்னொரு குடல் பாக்டீரியா வேண்டுமென்றால் மெக்கான்கியில் தேடிப் பயனில்லை, அதற்கு வான்கோமைசின் கலந்த வேறு அகார், அதில் அது கரும்பழுப்பு வட்டத்தோடு வரும். கேள்விக்குக் கேள்வி தட்டு மாறுகிறது என்றேனே, அதுதான். செஃபோடாக்சிம் தட்டில் சூடோமோனாஸ் மாதிரி பிறவியிலேயே முரட்டுத்தனமான வேறு பாக்டீரியாவும் நிறமில்லாமல் வந்து உட்காரும், முளைத்ததெல்லாம் ஈஎஸ்பிஎல் என்று எண்ணிவிடக் கூடாது. பிசிஆர் சோதனை ஒன்றிரண்டு மணி நேரத்தில் மரபணுவைக் காட்டிவிடும், ஆனால் அதில் எந்த மரபணுவைத் தேடச் சொன்னோமோ அது மட்டும்தான் தெரியும், எந்த மருந்து கேட்கும் என்பதற்கு உயிருள்ள காலனி கையில் வேண்டும். ஒரு ஸ்வாப் நெகட்டிவ் என்பதும் அன்றைக்கு, அந்தக் குச்சியில், பிடிக்கும் அளவுக்கு இல்லை என்பது மட்டும்தான்.

மாமாவின் அடுத்த கேள்வி, இதை ஒழிக்க மாத்திரை உண்டா. கிடையாது, அறிகுறி இல்லாமல் குடியிருப்பதற்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை, கொடுத்தால் மசிகிற சாதுக்கள்தான் முதலில் சாகும், மசியாதவனுக்கு வீடு முழுக்கக் காலியாகும். வெள்ளை ஈக்கு ஒரே மருந்தை வாராவாரம் அடித்து, கடைசியில் எந்த மருந்தும் கேட்காமல் போன கதையை அவரே எனக்குச் சொன்னார். தானாகவே சில மாதங்களில் குறைந்து மறையலாம், சிலருக்கு நீடிக்கும். அவர் வீட்டில் செய்ய வேண்டியது கழிப்பறை போய்வந்து சோப்புப் போட்டுக் கை கழுவுவது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த ரிப்போர்ட்டை முதலில் நீட்டுவது. சளிக்கெல்லாம் மெடிக்கலில் சொல்லி ரெண்டு மாத்திரை வாங்கிப் போடும் பழக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் திட்டினேன், தலையை ஆட்டினார். பெங்களூர் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, சிப்ரோவை விட்டுவிட்டு அவர் தட்டில் எஸ் என்று வந்த மருந்தைக் கொடுத்துச் சதை எடுத்தார். காய்ச்சல் இல்லாமல் மூன்றாம் நாள் மண்டிக்குப் போய்விட்டார்.

போகும்போது கேட்டார், "அந்தத் தட்டையெல்லாம் அப்புறம் என்ன கண்ணு செய்வீங்க, குப்பையில போடுவீங்களா?" இல்லை மாமா, ஒரு தட்டு விடாமல் பையில் கட்டி, ஆட்டோகிளேவ் என்ற பெரிய குக்கரில் 121 டிகிரி நீராவியில் வேகவைத்து, எல்லாம் செத்த பிறகுதான் மஞ்சள் பையில் போகும். "என்னுதும் வெந்துடுச்சா?" என்றார். போன வாரமே வெந்திருக்கும் என்றேன்.